நான்காம் நிரல்

1982ஆம் ஆண்டில் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்த கிழமையில், மருதமுனையில் கைத்தறி நெய்து எங்களை வளர்த்த என் வாப்பா கல்முனைச் சந்தைக்குப் போய், ஒரு குடையும் ஒரு மைப்பேனையும் நல்ல நீளமான பிரம்பொன்றும் வாங்கிவந்து, மூன்றையும் ஒன்றாக என் கையிலே தந்தார். குடை வெயிலுக்கு, பேனை எழுதுவதற்கு. பிரம்பு எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உபாத்தியாயர் என்றால் பிரம்பு என்பது எங்கள் கரையோர ஊர்களில் விளக்கம் வேண்டாத சங்கதி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவரும் தாய்மார், "எலும்பு எங்களுக்கு, தோல் உங்களுக்கு சேர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் குரூரத்தின் சாயலைக்கூட நான் கண்டதில்லை. தங்களால் முடியாத ஒன்றைப் படித்த மனிதர் ஒருவர் முடித்துத் தருவார் என்னும் நம்பிக்கையையே கண்டேன்.

முப்பத்தேழு வருஷம் கற்பித்து 2019இல் ஓய்வு பெற்றேன். கல்முனைப் பக்கத்திலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் பொத்துவிலிலுமாக ஐந்து பாடசாலைகளில் தமிழ் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகளின் குழப்படியைப் பற்றி இத்தனை வருஷமும் ஆசிரியர் அறைகளில் நான் கேட்ட அபிப்பிராயங்களை எழுதிவைத்திருந்தால் அது ஒரு பெரிய கிரந்தமாகியிருக்கும். ஆனால் அவற்றை உரைத்துப் பார்ப்பதற்கு ஒரு கல் எனக்குப் பொத்துவிலில்தான் கிடைத்தது.

1941இல் தொடங்கப்பட்ட அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவன் நான். பாடக்குறிப்பு எழுதவும், கரும்பலகையில் கோணாமல் வரி பிடிக்கவும், ஒரு செய்யுளைப் பதம்பிரித்துப் பிள்ளையின் வாயிலிருந்தே பொருளை வருவிக்கவும் அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசான்மார் மகா சமர்த்தர்கள். அவர்களுக்கு நான் பட்ட கடன் தீராது. உளவியலும் படித்தோம். வெகுமதி என்றும் தண்டனை என்றும் ஊக்கல் என்றும் தலைப்பிட்டுப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். எனினும், நாற்பத்து மூன்று பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிய கணத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சேவல் கூவுமானால், திரும்பிப் பார்ப்பதா, கேளாதவர்போல எழுதிக்கொண்டேயிருப்பதா என்பதை எவரும் சொல்லித்தரவில்லை. அது ஆசிரியர் அறையில், தேநீர் நேரத்தில், மூத்தவர்களின் வாயிலிருந்து கேட்டுப் பழகவேண்டிய வித்தையாக இருந்தது.

மூத்தவர்கள் சொன்னவையோ ஒன்றுக்கொன்று முரணானவை. கணித ஆசிரியர் ஒருவர், முதல் மாதம் முழுவதும் சிரிக்கவே கூடாது என்பார். அவருடைய பிரம்பு மேசைமேல் கிடந்தபடியே கிடக்கும், அதை எடுத்து அவர் ஓங்கி நான் கண்டதில்லை, ஆனாலும் அவருடைய பாடவேளையில் வகுப்பு மூச்சுவிடாமல் இருக்கும். வேறொருவர், முதற் கிழமையிலேயே வகுப்பில் உயரமானவனைத் தேடிப்பிடித்து நாலு அடி போட்டுவிட்டால் வருஷம் அமைதியாய்க் கழியும் என்பார். விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர் ஒருவர் பிரம்பைத் தொடமாட்டார். வகுப்பில் சத்தம் கூடக்கூடத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார். "நான் கத்தினா அவங்களுக்குக் கத்துறதுக்கு இன்னும் இடம் கெடைக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். இவை எல்லாவற்றிலும் அதிகமாகப் பரவியிருந்த அபிப்பிராயம் ஒன்றுண்டு: வளர்ப்புச் சரியில்லை என்பது. தாய் சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், தகப்பன் கடலில், பிள்ளை உம்மம்மாவின் கையில். பின்னே எப்படி உருப்படும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு காலை ஏழரை மணிக்கும் பகல் ஒன்றரை மணிக்கும் இடையில் ஓர் ஆசிரியன் செய்யக்கூடியது யாதொன்றுமில்லை. குவைத்திலிருந்து தாயைக் கூட்டிவர அவனால் ஏலாது. நம் கைக்கு எட்டாத காரணத்தையே காரணமென்று கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதன்பின் நாம் செய்யவேண்டியது ஒன்றும் இல்லாமற் போய்விடுகிறது. இந்தச் சுகத்தை நானும் பல வருஷம் அனுபவித்தேன்.

நான் உயரமானவனைத் தேடிப் பிடிக்கும் கட்சியைச் சேர்ந்தவன். வாப்பா தந்த பிரம்பு ஒடிந்தபின் வேறு பிரம்புகள் வாங்கினேன்.

2003இல் பொத்துவிலுக்கு இடமாற்றம் வந்தது. உத்தியோக பாஷையில் அது கஷ்டப் பிரதேசம். அக்கரைப்பற்றிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வயலும் காடுமாக ஓடும் வீதியில், விசேட அதிரடிப் படையின் காவலரண்களில் இறங்கி ஏறிப் போகவேண்டும். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வந்துபோகும் ஆசிரியர்கள் பஸ் நேரத்துக்கு வந்து பஸ் நேரத்துக்குப் போவார்கள். நான் ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். எங்கள் பாடசாலைக்கு அறுகம்பேயின் உல்லைக் கிராமத்திலிருந்தும் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து வருவார்கள். மே மாதம் தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குப் பலகைகளோடு வெள்ளைக்காரர் வந்திறங்கும் கரை அது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்தபின் அவர்கள் தொகை கூடியிருந்தது. உல்லைப் பையன்கள் வெறுங்காலோடு அவர்கள் பின்னால் ஓடி, பலகை சுமந்து, இளநீர் விற்று, எங்கள் ஆங்கில ஆசிரியரே திகைக்கும்படியாக ஆங்கிலம் பேசுவார்கள்.

அப்படிப் பேசுகிற ஒருவன் 2004இல் என்னுடைய தரம் 7 வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருந்தான். அவன் பெயரை எழுதமாட்டேன். இன்று அவன் பிள்ளைகுட்டிக்காரன். சேவலாய்க் கூவியவன் அவன்தான். முன்னால் இருப்பவனின் சட்டையில் மை தெளிப்பான், மேசைக்கடியில் காலால் தாளம் போடுவான், திடீரென்று எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரட்டா சேர்" என்று கேட்டுப் போனால் மணியடிக்கும்வரை திரும்பான். அவனுடைய கொப்பியோ வகுப்பிலேயே அழகான கொப்பி. கரும்பலகையில் நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும். புத்தி இருக்கிறது, கை இருக்கிறது, வாய் இருக்கிறது, பணிவுதான் இல்லை என்று தீர்மானித்தேன். ஒரு கிழமையில் இரண்டு தரமாவது அடித்தேன். அடித்து வெளியே முழங்காலில் நிறுத்தினேன். அவனுடைய உம்மம்மாவை அழைத்தபோது அந்தக் கிழவி முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு வாப்பா இல்ல சேர், நீங்கதான் வாப்பா. எலும்ப மட்டும் மிச்சம் வெச்சி அடிங்க" என்றாள்.

அந்த வருஷம் டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. உல்லையின் கடலோர வீடுகள் இருந்த இடம் தெரியாமற் போயின, பாலம் சேதப்பட்டது. அவனும் உம்மம்மாவும் தப்பினார்கள். அவனுடைய தாய் மாமனும் மாமன் பிள்ளைகள் இருவரும் தப்பவில்லை. பாடசாலையை மீளத் திறந்தபோது இடாப்பில் சில பெயர்களைக் கூப்பிடாமல் தாண்டவேண்டியிருந்தது. முதலிற் கூடாரங்களிலும், பிறகு அரைச்சுவரும் தகரக் கூரையுமாகக் கட்டிய கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. கிணறுகள் உவர்த்துப் போனபடியால் படலையடியில் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி வைத்து, பவுசர் வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும்.

அவனுடைய குழப்படி அதிகரித்தது. இப்போது ஆசிரியர் அறையில் அதற்குப் புதிய காரணம் இருந்தது: "கடல் அடிச்ச புள்ள, விடுங்க." இரக்கத்தால் சொன்ன வார்த்தை அது, நானும் அதே இரக்கத்தோடு சில மாதம் அவனை விட்டுவைத்தேன், அவன் வெளியே போனால் போகட்டும், வராவிட்டால் வராதிருக்கட்டும் என்றிருந்தேன். முன்னாலே கண்டிப்புக்காரர் சொன்ன காரணத்தைப் போலவே இந்த இரக்கமும் என் கைக்கு எட்டாத இடத்திலே காரணத்தை வைத்துவிட்டது என்பதை நான் அப்போது உணரவில்லை.

2005 மே மாதத்தில் கல்வியமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது. 2001இலும் இப்படியொன்று வந்து, நாங்கள் எல்லாரும் வாசித்ததாகக் கையொப்பமிட்டு, மறுநாளே பிரம்பை எடுத்தவர்கள்தாம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், நியாயமான அளவுக்குள் மாணாக்கனை அடிக்கும் பள்ளியாசிரியன் குற்றம் புரிந்தவனாகான் என்று ஓர் உதாரணமே எழுதப்பட்டிருந்ததும், சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்டதும், ஒன்றையொன்று பாராத இரண்டு மனிதர்களைப்போல ஒரே நாட்டிலே பக்கத்தில் பக்கத்தில் இருந்துவந்தன. இந்த முறை எங்கள் அதிபர் மறக்க விடவில்லை. எல்லாப் பிரம்புகளையும் வாங்கித் தம் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தென்மாகாணத்தில் தரம் 9 மாணவன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்து அவனுடைய செவிப்புலனைக் கெடுத்த ஆசிரியருக்கு, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறினார் என்று தீர்ப்பளித்து, 150,000 ரூபாயை அவருடைய சொந்தப் பணத்திலிருந்தும் 500,000 ரூபாயை அரசிடமிருந்தும் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் கட்டளையிட்டபோது, அந்த அலுமாரியை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். அந்தக் கை என் கையாகவும் இருந்திருக்கலாம்.

அந்தச் சுற்றுநிருபத்தைப் பற்றி 2005இல் நடந்த ஆசிரியர் கூட்டம் சுலபமாக நடக்கவில்லை. "கையையும் கட்டி வாயையும் கட்டிப்போட்டா நாங்க எதால படிப்பிக்கிறது?" என்று கேட்டார் ஒருவர். அவர் கெட்ட மனிதரல்லர். சுனாமியில் உடன்பிறந்தாளை இழந்து, அதற்கடுத்த மாதமே கொட்டிலில் நின்று படிப்பித்தவர். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. பிரம்பை எடுத்துக்கொண்டவர்கள் அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு ஆலோசனை வழங்கவென்று பெயர் குறிக்கப்பட்ட ஓர் ஆசிரியர், கிழமைக்கு முப்பது பாடவேளைகளும் எடுத்துக்கொண்டு, ஆலோசனை கேட்கத் தாமே ஆளில்லாமல் இருந்தார்.

அப்போது எங்கள் மௌலவி, மூலையிலிருந்து, இப்னு கல்தூன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றார். 1377இல் எழுதப்பட்ட முகத்திமாவில், மாணாக்கரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. அடிக்குப் பயந்து வளரும் பிள்ளை மனவுற்சாகத்தை இழந்து, சோம்பலுக்கும் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழகி, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாய் நடக்கக் கற்றுக்கொள்கிறது என்பது அதன் சாரம். அடித்தே தீரவேண்டுமென்றாலும் மூன்றடிக்கு மேற் கூடாது என்று முன்னோர் ஒருவரின் வாக்கையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். மௌலவி இதைச் சொல்லிமுடித்தபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. கொழும்பிலிருந்து வந்த கடதாசியோடு வாதாடியவர்கள், அறுநூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் பெரியாரோடு வாதாடத் துணியவில்லை.

அதிபர், "அடிக்கிறதுக்குப் பதிலா எழுதுங்க. என்ன நடந்ததெண்டு திகதியோட எழுதித் தந்தா நான் தாய் தகப்பனக் கூப்பிட்டுக் கதைக்கிறன்" என்றார். அவர் கேட்டது மூன்று நிரல்: திகதி, நேரம், என்ன செய்தான். எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று நிரலுக்குக் கோடு போட்டபின், பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாப்பாவின் தறி நினைவுக்கு வந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் வாப்பா தறியை நிறுத்துவார். நுனிகளை முடிவதற்கு முன்னே, அது எங்கே அறுந்ததென்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒரே இடத்தில் மூன்று தரம் அறுந்தால் நூலைக் குற்றஞ்சொல்லமாட்டார். அச்சின் பல்லில் எங்கோ பிசிர் இருக்கிறது என்று சொல்லி, விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்வார். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் நான். மிச்சமிருந்த இடத்தில் நான்காவதாக ஒரு கோடு போட்டு, அதன் தலையில், "அதற்குச் சற்று முன் வகுப்பில் நடந்துகொண்டிருந்தது" என்று எழுதினேன்.

ஆறு கிழமையில் முப்பத்தொரு குறிப்புகள் சேர்ந்தன. பதினொன்று அவனுடையவை. மற்ற இருபதைத் தனியே எடுத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. பன்னிரண்டு குழப்படிகள், நான் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதோ, கொப்பி பங்கிட்டுக்கொண்டிருந்தபோதோ, வெண்கட்டி தேடிக்கொண்டிருந்தபோதோ நடந்தவை. அதாவது, நாற்பது பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் நான் வைத்திருந்த நேரத்தில் நடந்தவை. ஐந்து, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காகப் பாடசாலை விடுவதற்கு முந்திய பாடவேளையில் நடந்தவை. மூன்றுக்கு மட்டும் எந்தக் காரணமும் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளை பிள்ளையாயிருந்தது என்பதைத் தவிர.

மறுகிழமையிலிருந்து இடாப்பை நான் கூப்பிடவில்லை. வகுப்புத் தலைவன் பார்த்துக் குறித்துத் தருவான். நான் வகுப்பில் நுழையுமுன்னே கரும்பலகையில் ஒரு வேலை எழுதியிருக்கும்: ஐந்து சொல்லைப் பிரித்தெழுதுதல், அல்லது ஒரு வாக்கியத்தின் பிழை திருத்தம். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் இலக்கணத்தை விட்டுவிட்டுக் கதை சொன்னேன். இவ்வளவுதான் செய்தேன். பன்னிரண்டு இரண்டாகக் குறைந்தது. பல வருஷத்துக்குப் பின் ஓர் ஆசிரியர் பட்டறையில், ஜேக்கப் கௌனின் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் பல வகுப்பறைகளைக் கூர்ந்து நோக்கி, குழப்படி நடந்தபின் ஆசிரியர் அதை எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் இடையே பெரிய பேதம் தென்படவில்லை என்றும், குழப்படிக்கு முன்னர் ஆசிரியர் வகுப்பை நடத்திச் செல்லும் விதத்திலேயே பேதம் இருந்தது என்றும் கண்டாராம். அதைக் கேட்டபோது, எங்கள் தகரக் கொட்டிலில் எண்பது பக்கக் கொப்பியோடு நான் குருட்டாம்போக்கில் தடவிப் பிடித்ததை ஒருவர் பட்டப்பகலில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

இனி அவனுடைய பதினொன்று. மூன்றை மட்டும் இங்கே எடுத்தெழுதுகிறேன்.

ஜூன் 7. 9.25. துடைப்பானை அரைச்சுவருக்கு மேலால் வெளியே எறிந்தான். உரத்து வாசிப்பு, இரண்டாம் வரிசை முடிகிறது.

ஜூன் 9. 8.40. முன்னவனின் சட்டையில் மை. உரத்து வாசிப்பு, இவனுக்கு முன் இரண்டு பேர்.

ஜூன் 15. 9.30. தண்ணீர் குடிக்கப் போய் மணியடிக்கும்வரை வரவில்லை. உரத்து வாசிப்பு, முறை இவனுடையது.

பதினொன்றில் ஒன்பது இப்படியே இருந்தன. இரவு, அறையில் மண்ணெண்ணெய் விளக்கில், நான்காம் நிரலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போன நான், கொப்பியை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடலும் அல்ல, வளர்ப்பும் அல்ல. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது.

மறுநாள் அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பின்னால் போய் நின்று, முதன்முறையாக, அவன் எழுதியதைப் பாராமல் எழுதும் கையைப் பார்த்தேன். "ழு" என்னும் எழுத்தை அவன் அடிவாலில் தொடங்கி மேலே கொண்டுபோனான். "க" வைக் கடைசியில் வரவேண்டிய வளைவிலிருந்து ஆரம்பித்து, மேற்கோட்டைக் கடைசியாகப் போட்டான். அவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருந்தான். தோணியைப் பார்த்துத் தோணி வரைவதுபோல, எழுத்தைப் பார்த்து எழுத்தை. அந்த அழகான கொப்பி முழுவதும் அவனுக்கு வாசிக்கத் தெரியாத சித்திரங்கள். ஆங்கிலம் அவன் காதால் பிடித்தது. அந்த ஆங்கிலத்தைக் கேட்டு மயங்கிய ஒருவருக்கும் தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாதென்ற எண்ணம் கனவிலும் வரவில்லை.

2004 முழுவதும் நான் அவனுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்ததாக எண்ணியிருந்தேன். உண்மையில் அவன் அதை என்னிடம் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு அடியும் அரைமணி முழங்காலும் விலை. நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு வரியை வாசிக்க முடியாமற் போகும் அவமானத்திலிருந்து தப்புவது சரக்கு. அந்த வியாபாரத்தில் நான் ஒரு நாளும் கடையை மூடவில்லை. தரம் 8 வரை வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை ஏறி வந்திருக்கிறதென்றால், வருஷத்துக்கு ஒருவராக எத்தனையோ ஆசிரியர்கள் அதைக் காணாமல் கடந்திருக்கிறோம். அவர்களில் இரண்டு வருஷம் அவனுக்குத் தமிழே படிப்பித்தவன் நான்.

தமிழாசிரியனாயிருந்தும், எழுத்தறியாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆரம்பப் பிரிவில் தரம் 1 படிப்பித்த டீச்சரிடம் போனேன். இடைநிலைப் பிரிவு ஆசிரியர்கள் ஆரம்பப் பிரிவுக்குப் படியிறங்கி ஒன்றைக் கேட்பது எங்கள் பாடசாலைகளில் வழக்கமில்லை. வழக்கமாயிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கும். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சேர், தரம் ஒண்டுப் புத்தகத்த மட்டும் அவன்ட கையில குடுத்திராதீங்க. வெக்கத்தில பள்ளிக்கூடத்தையே விட்டுப் போயிருவான்" என்றார். பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில், அவனுக்கு வேண்டிய சொற்களை மட்டும் பெரிதாக எழுதச் சொன்னார். அவனுக்கு வேண்டியவை எவை? பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் பெயர்கள். பாணமை, கோமாரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை. அதுவரை அவன் பஸ்ஸை அதன் நிறத்தாலும் சாரதியின் முகத்தாலும் அறிந்துகொண்டிருந்தான். பாடசாலை விட்டபின், பஸ்ஸில் போகும் ஆசிரியர்கள் எல்லாரும் போனபின், கொட்டிலின் பின்புறத்தில், வேப்பமரத்தடியில் நானும் அவனும் உட்காருவோம். டீச்சர் வீடு போகும் வழியில் நின்று ஓர் எழுத்தைத் திருத்திவிட்டுப் போவார். முதல் இரண்டு கிழமையும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கும் உரிமையை நான் அவனிடம் கேட்கவும் இல்லை.

வகுப்பிலும் ஒன்றை மாற்றினேன். வரிசைப்படி வாசிக்கச் சொல்வதை நிறுத்தி, யார் எந்த வரியை வாசிக்கவேண்டுமென்று முதல்நாளே சொல்லி அனுப்பினேன். வாசிப்பு நேரத்தில் அவனைத் தவிர வேறு நாலைந்து பேரின் கையும் காலும் அடங்கியதைக் கண்டபோதுதான், அந்த அச்சத்தில் அவன் தனியே இருக்கவில்லை என்பது தெரிந்தது.

இப்போது இளம் ஆசிரியர்கள் என்னைத் தேடி மருதமுனைக்கு வருகிறார்கள். கைத்தொலைபேசி, இரவிரவாக டிக்டொக், பின்னேரம் டியூசன், சில இடங்களில் ஐஸ் என்கிற போதைப்பொருள். உங்கள் காலத்துக் குழப்படியா இது என்று கேட்கிறார்கள். இல்லைதான். போதைக்குள் விழுந்த பிள்ளையை ஒரு கொப்பியும் நான்கு நிரலும் மீட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வைத்தியரும் குடும்பமும் ஊரும் வேண்டும். பெற்றார் முறைப்பாட்டோடு பொலிஸுக்குப் போய்விடுவார்களோ என்று அஞ்சி, குழப்படி செய்கிற பிள்ளையிடம் பேசவே பயப்படுகிறோம் என்று ஒரு டீச்சர் கண்கலங்கினார். அவருடைய வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். அவரைப் பயிற்றுவித்தவர்களும் சேவல் கூவினால் என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை. அவருக்கு நான் என்னுடைய பழைய கொப்பியைக் காட்டினேன். ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கிழமை எழுதுங்கள், நான்காம் நிரலை இரவில் தனியே வாசியுங்கள் என்றேன். பிறகு வந்து சொல்லுங்கள் என்றேன்.

அவன் 2008இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். தமிழிலும் இஸ்லாத்திலும் சித்தி, கணிதத்தில் இல்லை. அந்த வருஷம் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் கடந்து, உல்லையில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனான்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 2005 நவம்பரில் ஒரு நாளை. மாரி தொடங்கி, தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. முதல்நாளே அவனுக்கு மூன்று வரி சொல்லியிருந்தேன். முறை வந்தது. எழுந்து நின்று, விரலை வரியின் கீழே வைத்து, ஆரம்பித்தான். முதல் வரி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் சென்றது. இரண்டாம் வரியில் "கடற்கரை" என்று ஒரு சொல். கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் விளையாடி, கடற்கரையில் இருந்த வீட்டை இழந்த பிள்ளை, அந்தச் சொல்லின் நடுவில் "ற்" இல் வந்து நின்றுவிட்டான். விரல் நடுங்கியது. முன்வரிசையில் ஒருவன் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்கு என் வாழ்நாளில் அவ்வளவு பிரயாசை ஒருநாளும் பட்டதில்லை. மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது. "கட... ற்... கரை" என்றான். பிறகு சேர்த்துச் சொன்னான். பிறகு மூன்றாம் வரியையும் வாசித்து முடித்து, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான்.

"சேர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?"

போகச் சொன்னேன். அரைச்சுவருக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றைத் தாண்டித் தாண்டிப் படலையடித் தாங்கிக்குப் போய், குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி ஏந்திக் குடித்தான். பிறகு முகத்தைக் கழுவினான். அடுத்தவள் தன் வரியை வாசித்து முடிக்குமுன்னே, தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட உள்ளே வந்து, மூன்றாம் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தான்.